வண்டியைக் கேட்டுச் சொல்கிறேன்

லாரிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிய பிறகுதான் அவர் வாடகை பேச ஆரம்பிப்பார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேரம் பேசவே மாட்டார். "வண்டி உறுமிக்கிட்டு நின்னா, இவன் கிளம்பத் துடிக்கிறான்னு எதிராளிக்குத் தெரிஞ்சுடும். முதல்ல அது வாயை மூடணும். அப்புறம்தான் நாம வாயைத் திறக்கணும்" என்பார்.

இருப்பது ஒரே ஒரு லாரி. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, கிளீனரும் அவரே. "எங்க மூணு பேருக்குள்ள சண்டை வந்தா நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே முதல் ஆளாகச் சிரிப்பார். தலை நன்றாக நரைத்துவிட்டது, அதைக் கண்டுகொள்வதில்லை. மீசைக்கு மட்டும் வாரம் தவறாமல் மை பூசுகிறார். காரணம் கேட்டால், "பேரம் பேசுறது வாய். அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மீசைதானே, கொஞ்சம் எடுப்பா இருக்க வேண்டாமா?" என்கிறார்.

லாரி நிறுத்துமிடத்தில் அவருக்குக் காலியண்ணன் என்று பெயர். லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் எந்த வாடகையைச் சொன்னாலும் முதலில் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்தான்: "இதுக்கு நான் காலியாவே போயிடுவேன்." போக மாட்டார் என்பது புரோக்கருக்குத் தெரியும். புரோக்கருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அதைச் சொல்லாமல் பேரம் தொடங்கினால் இருவருக்குமே சாப்பாட்டில் உப்பில்லாதது போலிருக்கும்.

அடுத்ததாக, "இருங்க, வண்டியைக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போவார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, பின்சக்கரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, மரண வீட்டுக்குப் போய் வந்தவர் முகத்தோடு திரும்புவார். "கேட்டுட்டேன். கட்டாதுங்குது." வண்டியோடு எப்படி வாதாடுவது? புரோக்கர் கொஞ்சம் ஏற்றுவார். வண்டியிடம் மறுபடி ஆலோசனை கேட்கப்படும். வாடகை படிந்த பிறகும் விடமாட்டார். ஏற்றுக்கூலி சரக்கு அனுப்புகிற பார்ட்டி தலையில், தார்ப்பாய் கட்டுவது பார்ட்டி ஆள், ஒரு நாளுக்கு மேல் காக்க வைத்தால் அதற்குத் தனிக் காசு என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டுதான் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றுவார்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், போகும்போது கிடைக்கும் வாடகை டீசலுக்கும் சுங்கத்துக்கும் சரியாய்ப் போய்விடும். வீட்டில் அடுப்பெரிவது திரும்பும்போது கிடைக்கும் வாடகையில். திரும்புகிற லாரிக்காரனுக்கோ வீட்டு நினைப்பு வந்துவிடும். கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஓடுவான். புரோக்கர்கள் பங்களா கட்டியது அந்த நினைப்பை வைத்துத்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதனால் தன் சொந்த ஊர் எது என்பதை லாரி நிறுத்துமிடத்தில் ஒரு ஈ, எறும்புக்குக்கூட அவர் சொன்னதில்லை. "எந்த ஊருண்ணே நீங்க?" என்று யாராவது கேட்டால், "வண்டி நிக்கிற ஊருதான்." மனைவியும் அவர் வெளியூரில் இருக்கும்போது எப்ப வர்றீங்க என்று கேட்பதில்லை. ஏற்கெனவே ஒரு முறை கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார்.

போன வாரம் ஒரு காலையில், திரும்பும் லோடுக்காக நிறுத்துமிடத்து டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"பேத்தி பிறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மூக்கு மட்டும் உங்க மூக்கு. அதுதான் யோசனையா இருக்கு. சரி, எப்ப வர்றீங்க?"

"இதோ" என்றார். ஒரு பகல் பயணத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்ன "இதோ" அது.

அதற்குப் பிறகு அவர் தன் வசத்தில் இல்லை. எதிர்க் கடையில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கினார். டீக்கடைக்காரருக்குக் கொடுத்தார், எடைமேடைக்காரருக்குக் கொடுத்தார், டயர் ஒட்டுகிறவர் கை கரியாக இருந்ததால் அவர் வாயிலேயே ஊட்டிவிட்டார். அதே வேகத்தில் புரோக்கர் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்து பெட்டியை நீட்டினார்.

"அடடே! எங்கண்ணே பிறந்திருக்கு?" என்றார் புரோக்கர், இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டே.

மனுஷர் ஊரைச் சொல்லிவிட்டார். ஊரை மட்டுமா? ஆஸ்பத்திரி எந்தத் தெருவில், வீட்டிலிருந்து எத்தனை நிமிஷ நடை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை ஒரு துண்டு இனிப்போடு தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று.

புரோக்கர் நிதானமாக மென்று விழுங்கினார்.

"என்னண்ணே, முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்த ஊருக்கே ஒரு லோடு கிடக்கு. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு." வாடகையைச் சொன்னார். வழக்கமானதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். "எப்படியும் போகத்தானே போறீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டது. சாவி அங்கே பத்திரமாக இருந்து ஒரு பயனும் இல்லை.

"இதுக்கு நான் காலியாவே போயிடுவேன்."

"போங்களேன்" என்று சிரித்தார் புரோக்கர். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது.

வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்சக்கரத்தைத் தட்டினார். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. லோடு ஏற்றினால் சாயங்காலம் ஆகும், கனத்தோடு உருட்டிக்கொண்டு போக வேண்டும். காலியாகப் போனால்? இருட்டுவதற்குள் பேத்தி மடியில் இருப்பாள். டீசல் கைக்காசுதான். போனால் போகிறது! அந்த நிமிஷம் அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, நல்ல வாடகை படிந்த நாள்களில்கூட அப்படி வந்ததில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் அந்த வாக்கியத்தை மனசறிந்து சொல்லியிருக்கிறார்.

பொத்தானைக் கழற்றினார். ஏறினார். எஞ்சினை முடுக்கினார்.

அலுவலகத்தில் புரோக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரம் முடியாமல் அந்த வண்டி உறுமி அவர் கேட்டதே இல்லை. பெஞ்சுகளோ மூன்று நாளாகக் கிடங்கு வாசலில் கிடக்கின்றன. அந்தத் திசைக்கு வேறு வண்டி கிடையாது. பள்ளிக்கூடத்துக்காரர் காலையிலிருந்து போன் மேல் போன். ஒரு கால் செருப்போடு ஓடி வந்து லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"அண்ணே! நிஜமாவே போறீங்களா?"

"பின்னே? பேத்தியைப் பார்க்கப் போறவன் பெஞ்சைத் தூக்கிக்கிட்டா போவான்?"

"வழக்கமான வாடகை தரேண்ணே!"

"வழியை விடுங்க."

"அதுக்கு மேலயும் தரேன். எத்தனை ஆள் வேணும்னாலும் போடறேன், ஒரு மணி நேரத்துல ஏத்திடலாம். சத்தியமா!"

இந்த இடத்தில்தான் உள்ளே தூங்கப் போயிருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டார். எஞ்சின் அணைந்தது. சாவி பைக்குப் போனது. பொத்தான் மாட்டப்பட்டது. "ஏத்துக்கூலி யாரு?" என்று தொடங்கினார்.

சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் பெஞ்சுகள் ஏறின. கிடங்கு ஆட்களோடு புரோக்கரும் ஒரு பெஞ்சுக்குத் தோள் கொடுத்தார். தார்ப்பாய் கட்டி முடிந்தது. அவர் எஞ்சினை முடுக்கியபோது புரோக்கர் ஜன்னலருகே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"இது வாடகை இல்லண்ணே. பாப்பாவுக்கு, என் சார்பா."

வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். சாவியைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டு, கீழே இறங்கினார்.

"இருங்க. வண்டியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

பின்பக்கமிருந்து சக்கரத்தைத் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. புரோக்கர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.