நேர்முகத் தேர்வுக்கு அம்மாவும் வந்தாள்

எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வுக்குக் கோயம்புத்தூர் போனபோது அம்மாவும் கூட வந்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மஞ்சூரில் முதல் பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் போய் நின்றாள். அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான் மட்டும்தான். இந்த இடம் கிடைக்காவிட்டால் எனக்கும் எஸ்டேட் வேலைக்குப் பெயர் கொடுப்பதாக ஏற்பாடு.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "சிலோன் அகதிங்களா நீங்க?" என்றார். எனக்குச் சுரீரென்றது.

"இல்லைங்க சார். ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி திரும்பி வந்தவங்க. இந்தியக் குடிமக்கள்தானுங்க."

"கோட்டாவுல உள்ள வந்தர்லாம். கூடப் படிக்கறவங்களுக்கு ஈடு குடுக்கோணுமே?"

"நுழைவுத் தேர்வு மார்க்கும் அதுலயே இருக்குதுங்க சார்."

அதன் பிறகுதான் தொழிலைப் பற்றிக் கேட்டார்கள். பசுந்தேயிலை விலை ஏன் விழுகிறது, நீ ஃபாக்டரி நடத்தினால் என்ன செய்வாய் என்றெல்லாம். எதற்கும் நான் திணறவில்லை. தலை நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

பின்னாலேயே, நடுவில் இருந்தவரும் டீ குடிக்க வந்தார். பெஞ்சில் இருந்த அம்மா சட்டென்று எழுந்தாள். எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீட்டுக் கூரை ஒழுகினாலும், ஒரு நாள் லீவு வேண்டுமென்றாலும், ஆபீஸ் வாசலில் நின்று மேனேஜர் துரையிடம் கைகூப்பித்தான் கேட்க வேண்டும். அதே பழக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள்.

"தொரை, எம் புள்ள நல்லா படிக்கும். நீங்க பாத்து ஒரு எடம் குடுங்க, தொரை."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டுக்குப் போனேன். "கேக்காம எப்புடி புள்ள குடுப்பாங்க?" என்று அவள் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

இடம் கிடைத்தது. கோட்டாதான் என்று வகுப்பில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மார்க்கைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. கோட்டாவில் வந்தால்தான் என்ன குறைச்சல் என்று ஒருநாள் கத்தியும் விட்டேன். அன்று விடுதியில் நெடுநேரம் அழுதேன்.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டேன். அந்தத் தொரை குடுத்துட்டாரு."

அதைக் கேட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மார்க் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எத்தனையோ வருஷமாகத் துரைகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு, கேட்டுக் கிடைத்தது இது ஒன்றுதான்.

"ஆமாங்க்கா," என்றேன். "அம்மா கேட்டதாலதான் குடுத்தாங்க."