கயிறு பிடிப்பவனுக்கு ஓர் அக்கா வேண்டும்

என் அக்காவின் கணவர் மாதா கோயிலில் பாடும்போது அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை என் கையில் இருக்கும். பாடகர் மேடையில், ஆர்மோனியத்துக்குப் பின்னால், ஒரு முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கயிற்றின் அருமை தெரியாதவர்களிடம் கயிற்றைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது? இப்போது வயதாகிவிட்டது, கோபமும் முன்போல் நிற்பதில்லை, அதனால் சொல்கிறேன்.

எழுபதுகளில் நாங்கள் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிற குடும்பம். முத்துக் குளிப்பு அதற்குச் சில வருடங்கள் முன்பே நின்றுபோயிருந்தது. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் எங்களைக் கண்டால் முத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். சங்கை எடுத்துக் காட்டினால் அவர்கள் முகம் தொங்கிப்போகும். மற்ற வள்ளங்களில் கண்ணாடி, காலுக்குத் தகடு என்றெல்லாம் வந்துவிட்ட பிறகும் எங்கள் வள்ளத்தில் கல்லும் கயிறும்தான். மச்சான் கல்லோடு இறங்குவார், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பேன். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் அந்த நொடியே தூக்க வேண்டும். குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். தன் அக்கா தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்பதுதான் அதில் உள்ள யோசனை.

மச்சானுக்குப் பாட்டு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. சின்ன வயதில் கோயிலில் லத்தீன் பாட்டுகளைப் பழகினார். பிறகு திருச்செந்தூர்க் கடைகளுக்குச் சங்கு கொண்டுபோகிற சாக்கில், அங்கே ஒரு லாட்ஜ் மாடியில் குடியிருந்த வித்துவானிடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். வித்துவான் முதலில் தயங்கினாராம். மூச்சைப் பிடித்துக் காட்டு பார்ப்போம் என்றாராம். அவர் வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, எழுந்துபோய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தால் மச்சான் அப்படியே மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கே பாடம் தொடங்கிவிட்டது. அப்புறம் மச்சான் பாடுவது ஒரு தினுசாகிவிட்டது. லத்தீனில் நேராகத் தொடங்கும், பாதியில் கல்யாணிக்குள் போய் நன்றாகச் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும். பூசை தமிழுக்கு மாறிய பிறகும் திருவிழாவுக்கு மட்டும் பங்குச் சாமியார் இதை அனுமதித்தார்.

பிரச்சினை அவருடைய காதில் இருந்தது. ஆழத்தில் இறங்கி இறங்கி இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காது ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ரத்தம் கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் நின்றது அவருக்குக் கேட்காது. மூச்சோ தீராது. ஒரு திருவிழாவில் அவர் எடுத்த ‘ஆமென்’ முடியவே இல்லை. சாமியார் விரித்த கையை மடக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். சனங்கள் முழங்காலில் இருந்து எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி முழங்காலிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் தோளைத் தட்டினார். மச்சான் பாட்டை நிறுத்தி, கோயில் முழுக்கக் கேட்கும்படி, “என்னவே?” என்று கேட்டார்.

அதற்கப்புறம்தான் ஆர்மோனிய மாஸ்டர் கயிற்றைப் பற்றி யோசித்தார். இடுப்புக் கயிறு அசைந்தால் மச்சானின் உடம்பு கேள்வி கேட்காது. கடலில் அவர் இழுப்பார், நான் தூக்குவேன். கோயிலில் நான் இழுப்பேன், அவர் முடிப்பார். அவ்வளவு அழகாக முடியும். ஊரே அவர் குரலைப் புகழ்ந்தது. முக்காலியில் இருந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது வருத்தம்தான், மறைப்பானேன்.

அந்த வருத்தத்தைத் தீர்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். புதுத் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் பயணியாக வந்தவர். தன் நாட்டில் பெரிய ஓட்டல்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஆட்டம் பாட்டு நடத்துவதுதான் அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவர் மச்சான் பாட்டைக் கேட்டார், கயிற்றைப் பார்த்தார், பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்து கையைக் குலுக்கினார். கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை சப்ளை செய்கிற மாப்பிள்ளையூரணிக்கார அண்ணாச்சி ஒருவர்தான் துபாஷி. வெள்ளைக்காரர் வெகுநேரம் பேசினார். அண்ணாச்சி அதை, “உங்க மச்சானைக் கூட்டிட்டுப் போயி ஊரு பூரா பேரு வாங்க வைப்பாராம்” என்று சுருக்கிவிட்டார்.

போகலாமா வேண்டாமா என்று ஊர் இரண்டுபட்டது. மீன் ஏலம் போடுகிறவர் ஏலத்தை நிறுத்திவிட்டு இதைப் பேசினார். அங்கே போய்ப் பிரபலமானவன் திரும்பி வந்தால் மீன் முள்ளைக்கூட எடுக்கத் தெரியாமல் வருவான் என்பது அவர் கட்சி. ஆர்மோனிய மாஸ்டருக்கு வேறு கவலை. வெளிநாட்டில் ஒரு பாட்டு மூன்று நிமிடம்தானாம். மூன்று நிமிடத்தில் மச்சான் மூச்சே இழுத்து முடிக்க மாட்டாரே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சாமியார், குடிக்கிற இடத்தில் லத்தீன் பாடினால் பாவமா என்று ஆயரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். மச்சானிடம் கேட்டால், “போலாம்தான், போவாமலும் இருக்கலாம்” என்றார். அவருக்குப் பாட இடம் கிடைத்தால் போதும். அது திருச்செந்தூர் லாட்ஜ் மாடியாக இருந்தாலும் சரி, வெள்ளைக்காரன் கொட்டகையாக இருந்தாலும் சரி.

ஆனால் அக்கா போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு ஆச்சரியம். பக்கத்துத் தெருவுக்கு அவர் போனாலே வாசலில் வந்து நிற்கிறவள் அவள். குசினியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது காரணம் கேட்டேன். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“அங்க போனா கடல்ல எறங்க வேண்டாம்லா. அந்த ஒத்தக் காதாவது மிஞ்சும்லே.”

அன்றிலிருந்து நானும் அவள் கட்சி.

பயிற்சி தொடங்கியது. குளிர் நாடு என்பதால், கப்பலுக்குப் போய்த் திரும்பிய உறவுக்காரர் ஒருவரின் கம்பளிக் கோட்டை அக்கா வாங்கி வந்தாள். அதன் பையில் பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போட்டிருந்தது. அக்கினி வெயிலில் மச்சான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்தார். நாய்கள் பின்னால் போயின. பிறகு யாரோ குளிரில் தொண்டை கட்டிவிடும் என்று சொல்ல, மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஃபேக்டரிக்குள் அவரை உட்கார வைத்துப் பாடச் சொன்னோம். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில், கோட்டோடு, இடுப்பில் கயிற்றோடு அவர் ஆலாபனை செய்தார். வாயிலிருந்து ராகம் புகையாக வந்தது. ஃபேக்டரி ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு லோடு இறால் கெட்டுப்போனது. முதலாளி எங்களை விரட்டிவிட்டார்.

புறப்பாடு நெருங்கியபோதுதான் அண்ணாச்சி மெல்ல ஒரு சேதி சொன்னார். டிக்கெட் ஒருவருக்குத்தான். நான் போகவில்லை. அங்கே கயிறு பிடிக்க அவர்களே ஆள் வைத்திருக்கிறார்களாம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. முதல்நாள் என் கையைக் குலுக்கின கை அது. ஆனால் மச்சான் கோபப்படவில்லை. அண்ணாச்சியின் காய்கறிக் கிட்டங்கியில், உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, நிதானமாகக் கேட்டார்.

“கயிறு பிடிக்கப் போறவருக்கு அக்கா தங்கச்சி உண்டுமான்னு கேளுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி கேட்டார். வெள்ளைக்காரர் ஏன் என்று கேட்டார். பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்கலாம் என்ற வழக்கத்தை அண்ணாச்சி தனக்குத் தெரிந்த காய்கறி இங்கிலீஷில் விளக்கினார். அதை விளங்கவைக்க ஒரு பூசணிக்காயும் இரண்டு கத்திரிக்காயும் தேவைப்பட்டன. வெள்ளைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, அந்த ஆளுக்குத் தங்கை இருக்கிறாள், மேடையிலேயே ஒரு கல்யாணமும் வைத்துக்கொள்ளலாம், ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார்.

சேதி கேட்டு அக்கா வீட்டுக்கே வந்த சாமியார் கொதித்துப்போனார். ஒருவனுக்கு ஒரு பெண்டாட்டிதான், இதற்கு ஆயரிடம் கேட்கவும் தேவையில்லை என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் விளக்குமாற்றை எடுப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ, “மேடைக்குத்தானே சாமி, சும்மா பேருக்குத்தானே, கெட்டிக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். ஊசியைக் கோக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. சாமியார் ஜெபமாலையை வெளியே எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் வெள்ளைக்காரர் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். பாட்டுக்கு ஒத்திகையாக்கும் என்று நினைத்து ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். சங்குக் கிட்டங்கிக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கே சங்கு கழுவுகிற பெரிய தொட்டி உண்டு. அழுகின சங்குச் சதையின் நாற்றத்தில் அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, தொட்டியைக் காட்டி, மச்சானை இறங்கச் சொன்னார். கோமணத்தோடு இறங்க வேண்டும். அடியில் கிடக்கிற முத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்து பாட வேண்டும். சங்கு குளிக்கிறவரிடம் முத்து ஏது என்று அண்ணாச்சி கேட்டதற்கு, அவர் அக்கா கையிலிருந்த கம்பளிக் கோட்டின் பைக்குள் கையை விட்டு அந்துருண்டை ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார்.

மச்சான் கல்லில்லாமலே இறங்கினார். நான் கயிற்றைப் பிடித்தேன். அவர் அந்துருண்டையோடு எழுந்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று லத்தீன் எடுத்தார். வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும் என்றார். மச்சான் மறுபடி முங்கினார். வெள்ளைக்காரர் உற்சாகமாகிக் கையை உயரத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். அண்ணாச்சி வழக்கம்போல் சுருக்கினார். அங்கே இருப்பது கண்ணாடித் தொட்டி, இதைப்போல் நாலு மடங்கு ஆழம், ராத்திரிக்கு இரண்டு ஆட்டம்.

அதுவரை சுவரோரம் மடித்த கோட்டோடு நின்ற அக்கா கோட்டைக் கீழே போட்டாள். என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி ஒரே இழுப்பு இழுத்தாள். நான் அவ்வளவு பலமாக ஒருநாளும் இழுத்ததில்லை. மச்சான் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்து, “என்ன மாப்ள அவசரம்?” என்றார். நான் அக்காவைக் காட்டினேன்.

“தண்ணிக்குள்ள முங்குததுக்கு எதுக்குக் கப்பலேறணும்? தண்ணி இங்கனயே கெடக்கு. வீட்டுக்கு வாங்க.”

அவர் வலது காதை அவள் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நடந்தாள். கயிறு அவர் இடுப்பில் இருந்ததால் அவரும் ஈரத்தோடு பின்னால் போனார். வெள்ளைக்காரர் மறுநாள் கப்பலேறுவதற்கு முன் என்னிடம் அந்தக் கயிற்றையாவது ஞாபகத்துக்குத் தர முடியுமா என்று கேட்டனுப்பினார். நான் சொன்ன பதிலை அண்ணாச்சி மொழிபெயர்க்கவில்லை.

அக்கா அத்தோடு விடவில்லை. இனிமேல் கடலும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். மச்சானுக்கு அதே கிட்டங்கியில் சங்கைப் பெரிது சிறிது பார்த்துப் பிரிக்கிற வேலை கிடைத்தது. ஊரெல்லாம் பேர் வாங்க வேண்டியவர் நாற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று சிலர் அக்காவைக் குறை சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. மச்சான் கடலுக்குப் போகாததால் எனக்கும் வேலை போயிற்று. அடுத்த திருவிழாவில் கோயில் முக்காலியும் போயிற்று. அக்கா வந்து அதில் உட்கார்ந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். நான் தூணோரம் நின்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மச்சான் ‘ஆமென்’ எடுத்தார். ஆர்மோனியம் முடித்தது. அவர் முடிக்கவில்லை. மேலே போனார், அங்கேயே நின்றார், அங்கிருந்து இன்னும் மேலே போனார். சாமியார் கையை விரித்தபடி மேடையைப் பார்த்தார். சனங்கள் எழுந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. கயிறு அக்காவின் மடியில் தொய்ந்து கிடந்தது.

“அக்கா, இழு” என்றேன்.

அவள் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தி விட்டாள்.

“காது கேக்குத வரைக்கும் பாடட்டும்லே” என்றாள்.

சனங்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாமியாரும் நாற்காலியைப் பின்னால் தேடி உட்கார்ந்துவிட்டார்.