அத்தை பால் காய்ச்சிய வீடு

எங்கள் மலையில் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். எடுத்த கையோடு மிஸ்ஸியம்மாவின் பண்ணையில் இரண்டு நாள் விழா நடக்கும். மிஸ்ஸியம்மா கொடைக்கானலில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரி. செண்பகனூருக்குக் கீழே பண்ணை வைத்திருந்தார். பண்ணை பங்களாவின் முன்னறையில் மலைக்காரர்களின் பழைய சாமான்களைச் சேர்த்து அதற்கு மியூசியம் என்று பெயரும் வைத்திருந்தார். என் அப்பாவுக்கு அங்கே தோட்ட வேலை. மியூசியத்தில் இருந்த முறமும் உலக்கையும் எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தன. ஆனாலும் விழா அன்றைக்கு ஊரே வரிசையில் நின்று பார்க்கும். கண்ணாடிக்குள் வைத்தால் முறத்துக்கும் ஒரு மவுசு வந்துவிடுகிறது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பண்ணை மூலையில் அந்தக் காலத்து மலை வீடு ஒன்றைக் கட்டினார். மண்சுவர், புல்கூரை, உள்ளே அடுப்பு, திருகை, தானியம் கொட்டி வைக்கிற குதிர். விழா நாளில் அதற்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை. அப்பா முதலில் அம்மாவைத்தான் கேட்டார். போகிறவன் வருகிறவனெல்லாம் குரங்கைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கவா என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அப்போது அடுப்படி வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, நான் போகட்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் மாதமே மாமா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே காலூன்றியதும் வந்து கூட்டிப் போகிறேன், தனிக்குடித்தனம் வைக்கலாம் என்று சொல்லிப் போனவர், போனவர்தான். மாமியார் வீட்டில் முகம் திருப்ப ஆரம்பித்ததும் அத்தை எங்களோடு வந்துவிட்டாள். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அடுப்படி அம்மாவுடையது. ஒரு பிடி சீனி வேண்டுமென்றாலும் அத்தை மதினியைக் கேட்டுத்தான் எடுப்பாள்.

புருஷனாக உட்கார, பண்ணை ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னவனூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். மனைவியை இழந்தவர், வாயே திறக்காதவர். ஊர் வாயை அடைக்க, பிள்ளையாக என்னை அனுப்பினார்கள். எனக்கோ அழுகையான அழுகை. வெளியே கிழங்கு தோண்டும் பந்தயமும் சாக்கு ஓட்டமும் நடக்கும்போது நான் மட்டும் புகைக்குள் உட்கார வேண்டுமாம்.

முதல் நாள் வெள்ளனே அத்தை என்னை எழுப்பிப் பனிக்குள் கூட்டிப்போனாள். வாசலைச் சாணி போட்டு மெழுகிக் கோலமிட்டாள். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். திருகை வழியில் கெடக்கு என்று அதை மூலைக்கு நகர்த்தினாள். பிறகு அடுப்பு மூட்டி, புதுச் சட்டியில் பாலை வைத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. "நல்லாப் பொங்கிருச்சு தாயி" என்று என் கன்னத்தைத் தடவினாள். முழுசாக ஒரு தம்ளர் பால் கிடைத்ததே என்று நான் பாட்டுக்குக் குடித்தேன்.

புது வீட்டுக்குக் குடி வருகிறவர்கள்தான் பால் காய்ச்சுவார்கள். காட்சிக்கு உட்காருகிறவர்கள் காய்ச்சுவார்களா? மிஸ்ஸியம்மா வந்து, அடுப்பைச் சுற்றி வழிந்திருந்த பாலைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்தாள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

வெறும் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். அத்தை சாமைச் சோறும் பூண்டுக் குழம்பும் நிஜமாகவே ஆக்கினாள். ஆட்டுக்காரர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டார். ஊர் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அத்தை அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அடுப்பையும் கூரையையும் சட்டிகளையும்தான். மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மாள் வாசலில் நின்று, நிஜமாகவே இங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று கேட்டாள். அத்தை திருகையைச் சுற்றிக்கொண்டே "ஆமாங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் முழங்காலை அழுத்திப் பிடித்தது. அந்தப் பிடி வலித்தது. எதற்கு இந்தப் பொய் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் தூறல் போட்டது. கூட்டம் கலைந்து, பந்தயக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டுச் சாவியோடு வந்த அப்பாவிடம் அத்தை சொன்னாள்:

"அண்ணே, நான் இங்கனயே இருந்துக்கிடுறேனே. மழை பிடிச்சா புல்லு மக்காம கூரைக்குப் புகை காட்டணும்ல. யாருக்கும் தொந்தரவு இருக்காது."

"ஏம்மா, இது என்ன வீடா?" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அத்தை விடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஸ்ஸியம்மாவிடமே போய்க் கேட்டாள். வெளியாள் யாரிடமும் எதையும் கேட்காத அத்தை அப்படிப் போனது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மிஸ்ஸியம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் அத்தை விழாவைத்தான் அவ்வளவு ரசித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, அடுத்த வருஷமும் நீதான் வர வேண்டும் என்றார். அத்தை தலையை ஆட்டினாள். திரும்பி வந்து, அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்பா கதவைப் பூட்டினார்.

ஏற்றத்தில் அப்பா முன்னால் போய்விட்டார். அத்தையும் நானும் மூடுபனிக்குள் மெதுவாக நடந்தோம். இன்றைக்கு நினைத்தால், அந்த மலையில் அவளைப் போல் ஒண்டியான ஒரு ஜீவன் இருந்திருக்காது என்றுதான் படுகிறது. அன்றைக்கு எனக்கு அது எங்கே தெரிந்தது? விடுதலை கிடைத்த குஷியில் குதித்துக்கொண்டு போனேன்.

"நேரா வீட்டுக்குத்தானே போறோம் அத்தை?"

"ஆமா தாயி. உங்க வீட்டுக்குத்தான்."

உங்க வீடு என்றதும் எனக்குத் திக்கென்றது. பொய்க் குடும்பத்தில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் அத்தைக்கு என்மேல் கோபம், வேறெங்கோ போகப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப நீ வரலையா அத்தை?"

அத்தை முந்தானையை இழுத்து என் தலையில் போட்டாள்.

"வராம எங்க போவேன்?" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் அவள் கையை வீசி வீசி ஆட்டிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன்.