வேண்டாதது என்னவென்றால்

எனக்கு முதலில் கிடைத்த வேலை, திருகோணமலையில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில். தேயிலை ஏற்ற வரும் கப்பல்களில் மரக்கறி, முட்டை, சவர்க்காரம் என்று எது தீர்ந்தாலும் எங்கள் முதலாளி லாஞ்சுப் படகில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் மூதூரில் பிறந்த முஸ்லிம் மனிதர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அவர்களுக்கு மீன் விற்று ஆங்கிலம் பேசப் பழகியவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன் என்று என்னைக் கடையில் வைத்துக்கொண்டாரே தவிர, கப்பலுக்குக் கூட்டிப்போகவில்லை.

"நீங்க படிச்சது புத்தக இங்கிலீசு தம்பி. கப்பல்ல கதைக்கிறது வேற இங்கிலீசு" என்பார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வெள்ளைக்காரன் பேசும்போது முதல் வார்த்தையையும் கடைசி வார்த்தையையும் பிடித்துக்கொண்டால் போதும், நடுவில் வருவதெல்லாம் வெறும் மரியாதைக்குச் சொல்வது என்று உறுதியாக நம்பினார். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே பல வருடம் நல்லபடியாக வியாபாரம் செய்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் கப்பலொன்றுக்குப் போய்விட்டு மிகுந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார்.

"அந்தச் சமையல்காரன் நல்ல மனிசன் தம்பி. நான் இறங்கக்குள்ள ஏணி வரைக்கும் வந்து பூசினிக்காயைப் பத்திச் சொன்னான். ஒருக்கா இல்ல, ரெண்டு தரம்."

"எத்தனை வேணுமாம்?"

"அது சொல்லல்ல. அப்பிடி ஆசையாக் கேக்கிறவனுக்குக் கனக்கக் குடுக்கோணும்."

கிளிவெட்டிப் பக்கமிருந்து சந்தைக்கு வந்திருந்த பூசணிக்காய் முழுவதையும் வாங்கினார். மறுநாள் காலையில் லாஞ்சில் பாதி அதுதான். அப்போது என்னைப் பார்த்து, "விசயம் என்னெண்டா தம்பி, சாமான் தூக்க ஆள் போதாது. நீங்களும் வாங்க" என்றார். நான் முதன்முதலாகக் கப்பலுக்குப் போனது அப்படித்தான்.

கப்பலை நெருங்கியதும், மேலே வெள்ளை ஏப்ரன் கட்டிய தடித்த மனிதன் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். எங்கள் லாஞ்சைப் பார்த்ததும் அவன் முகம் வாடிப்போயிற்று. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான்: "வாட் ஐ செட் வாஸ், வாட் ஐ டோன்ட் வாண்ட் இஸ் பம்ப்கின்."

'வாட்' என்று தொடங்கியதால் ஏதோ கேள்வி கேட்கிறான் என்று நினைத்து, பதில் சொல்வதற்காக நான் வாயைத் திறந்தேன். பிறகுதான் அதில் பதிலும் சேர்ந்தே இருந்தது விளங்கிற்று. 'நான் சொன்னது என்னவென்றால், எனக்கு வேண்டாதது பூசணிக்காய்' என்கிறான்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"பூசினிக்காய் வேண்டாமாம்."

"வாட் எண்டுதானே தொடங்கினான்? பம்ப்கின் எண்டுதானே முடிச்சான்?"

"நடுவில டோன்ட் எண்டு ஒண்டு இருக்கு, முதலாளி."

அவர் லாஞ்சின் எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து அது எஞ்சின் சத்தத்தில அடிபட்டுப் போயிருக்கும்" என்றார்.

முந்திய துறைமுகத்தில் ஏற்றிய பூசணிக்காயை நாள்தோறும் சமைத்துப் போட்டதில் மாலுமிகள் அந்தச் சமையல்காரனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்களாம். ஆனாலும் எங்களைப் பார்க்க அவனுக்குப் பாவமாகிவிட்டது. ஒரே ஒரு காயை மட்டும் எடுத்துக்கொண்டான். அதையும் ஏப்ரனால் மூடித்தான் கொண்டுபோனான்.

அன்று பகல் சாப்பாடு எனக்கு முதலாளி வீட்டில். கறி என்ன என்று சொல்லத் தேவையில்லை. அவருக்கோ சாப்பாடு இறங்கவில்லை.

"கேள்வி கேக்கிறவனே மறுமொழியையும் சொன்னா, நாம என்னத்துக்கு அங்க நிக்கிற?" என்றார். "வேணாம் எண்டா, நோ பம்ப்கின் எண்டு சொல்ல ஏலாதா?"

"அது கேள்வி இல்லை, முதலாளி. விசயத்தைச் சொல்ல முந்தி எங்களைக் கொஞ்சம் காத்திருக்க வைக்கிறது. நீங்களும் அப்பிடித்தானே கதைக்கிறீங்கள்? காலையில 'விசயம் என்னெண்டா தம்பி' எண்டீங்கள். என்ன எண்டு கேட்டதும் நீங்கள், மறுமொழி சொன்னதும் நீங்கள்."

அவர் மறுப்பதற்குள் குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி முந்திக்கொண்டார்.

"நல்லாச் சொல்லுங்க தம்பி. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் இந்த என்னெண்டாவைக் கேக்கிறன். அதுக்குப் பின்னால என்ன வருது எண்டு காத்து நிண்டு, எத்தனை கறி அடிப்பிடிச்சுப் போயிருக்கு."

முதலாளி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப வெள்ளைக்காரனும் நம்மளப் போலத்தான் கதைக்கிறான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனதில்லை. என் புத்தக இலக்கணத்தில் 'வாட்' என்றால் வசனத்தின் கடைசியில் கேள்விக்குறி இருந்தாக வேண்டும். துறைமுகத்திலோ அந்தக் குறியை யாரும் தேடவில்லை. கயிறு அறுந்த கதையை ஒரு மாலுமி "வாட் ஹாப்பண்ட் வாஸ்" என்றுதான் தொடங்கினான். நித்திரையில்லாத எஞ்சினியர் ஒருவர் "வாட் ஐ நீட் இஸ்" என்று சொல்லி நிறுத்திக் கொட்டாவி விட்டார். அவருக்கு என்ன தேவை என்பதை நாங்களே விளங்கிக்கொண்டோம். அப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, ஆங்கிலத்தில் வாய் திறக்க எனக்கிருந்த பயமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

முதலாளிக்கு அந்தப் பேச்சு ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. முட்டை விற்கும்போது "வாட் ஐ ஹேவ் இஸ்" என்று தொடங்கி, வாங்க வந்தவன் பொறுமை இழக்கும்வரை நிறுத்திவைத்து, பிறகுதான் "எக்ஸ்" என்பார்.

ஒருநாள் கப்பலுக்குச் சாமான் கொண்டுபோக அனுமதிச் சீட்டு எடுக்கச் சுங்கக் காரியாலயத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி எங்கள் ஊர்த் தமிழர்தான். ஆனால் கதிரையில் உட்கார்ந்துவிட்டால் ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். முதலாளி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் போய், "வாட் ஐ வாண்ட் இஸ்..." என்று நிறுத்தி, மெதுவாக "பாஸ்" என்றார்.

அதிகாரி தலையை நிமிர்த்தவேயில்லை. "வாட் யூ வில் டூ இஸ்..." என்று அவரும் நிறுத்தினார். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெயிட்" என்றார் அதிகாரி.

முதலாளி வந்து வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் துளியும் கோபமில்லை.

"பாத்தீங்களா தம்பி, எவ்வளவு வடிவாச் சொல்றான்" என்றார். மத்தியானம் வரை அங்கேயே இருந்தோம்.