ரஃபேலின் கிட்டார் சுருதி

ரஃபேலுக்கு ஐம்பத்தாறு வயது. சிடாம் கிரி தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் பார்வை போய் ஐந்து வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போய் இரத்தத்தில் சர்க்கரை அளந்து, காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அவரால் முடிந்ததை நான் செய்து கொடுப்பதில்லை.

மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் கிட்டார் வாசிக்கிறார். வீட்டைவிட்டு வெளியே போவதே அதற்குத்தான். முன்பெல்லாம் கோயிலுக்குப் போனதும் ஆர்மோனியத்தில் ஒரு சுரம் கேட்டு, அதற்குக் கம்பிகளை முறுக்குவார். போன மாதம் போனில் பேசும் சுருதிச் செயலி வந்தது. கம்பியை மீட்டினால் மலாயில் சொல்லும்: உயர்ந்திருந்தால் "திங்கி", சரியாக இருந்தால் "தெப்பாட்". அன்றிலிருந்து வீட்டிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு போனார்.

"யாரையும் கேக்க வேணாம் பாருங்கக்கா" என்பார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை. நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஆர்மோனியம் வாசிக்கும் லூர்து மேரி பாதிப் பாட்டில் நிறுத்தினாள்.

"ரஃபேல் அண்ணே, சுருதி சேரல லா. நாலு வாரமா இப்படித்தான். திருவிழாவுக்குப் பாடுங்க, போதும். கிட்டார் வேணாம்."

"சரியாத்தான் இருக்கு. கேளு."

ஆறு கம்பியையும் மீட்டினார். ஆறு முறையும் போன் "தெப்பாட்" என்றது.

"அப்ப போனையே வாசிக்கச் சொல்லுங்க" என்றது பின்வரிசை. சிரித்தார்கள். ரஃபேல் கிட்டாரை உறையில் போடத் தொடங்கினார்.

"போனை ஆர்மோனியத்துகிட்ட வைங்க" என்றேன்.

மேரி ஒரு கட்டையை அழுத்தினாள். "திங்கி." இன்னொன்று. "திங்கி."

"எங்கப்பா வாசிச்ச பெட்டி லா இது!"

"உங்கப்பாவும் ஒசரமான ஆளுதானே" என்றார் ரஃபேல்.

ஆர்மோனியத்தை ஒரு வாரத்தில் திருத்த அங்கே ஆள் கிடையாது. சரியாக இருந்தவர்தான் மாற வேண்டும். செயலியின் அடிப்படைச் சுருதி எண் 440. அதை மாற்றலாம் என்று அவருக்குத் தெரியும். உதவ வந்த மேரியிடம், கட்டையை மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ரஃபேல் திரையைத் தடவி, போன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு, ஒவ்வொரு எண்ணாக ஏற்றினார். 448இல் "தெப்பாட்" என்றது. பிறகு கம்பிகள். மொத்தம் இருபது நிமிடம். இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு ஏத்தினா கம்பி அறுந்துடும். நான் பொறுப்பில்ல" என்றார் ரஃபேல்.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. வாசிங்கண்ணே" என்றாள் மேரி.

திருவிழாவில் கிட்டார் இருந்தது. மூன்றாம் பாட்டில் மெல்லிய கம்பி அறுந்தது. மிச்சம் ஐந்தில் வாசித்து முடித்தார்.