குளம் எழுந்த நாள்

என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால், "நீச்சல் குளம் ரிப்பேர்" என்பேன். வீட்டுக் குளங்களுக்கும் சுடுதண்ணீர்த் தொட்டிகளுக்கும் பம்ப் கெட்டால் பம்ப், வால்வு கெட்டால் வால்வு, ஹீட்டர் கெட்டால் ஹீட்டர் மாற்றிக் கொடுப்பேன். நெல்லித்தோப்பில் சின்னதாக ஒரு கடை. கேட்டவர் என் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா நீந்துவீங்க போல?" என்பார். நான் சிரித்து வைப்பேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். உண்மை என்னவென்றால், எனக்குத் தண்ணீருக்குள் தலையை விட வராது. வீட்டில் குளிக்கும்போதுகூட, சொம்பைத் தூக்கிக் கண்ணை இறுக்கி மூடி, போருக்குப் போகிறவன் மாதிரி பிஸ்மி சொல்லித்தான் தலையில் ஊற்றுவேன்.

இதை வைத்துக்கொண்டு எப்படி இருபது வருடம் ஓட்டினாய் என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டியது மச்சான். என் மனைவியின் அண்ணன். தண்ணீருக்கு வெளியே இருப்பதெல்லாம் என் பங்கு, உள்ளே இருப்பதெல்லாம் அவர் பங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாரென்றால் அடியில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, போன வருடம் தொலைந்த யாருடைய கொலுசையோ கையில் ஆட்டிக்கொண்டு மேலே வருவார். அவருக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. விமான நிலையத்தில் குடும்பமே பிரிவை நினைத்து அழுதது. நான் அழுதது தொழிலை நினைத்து.

அவர் போனபிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே வேலை இருந்தால் குளத்தையே காலி பண்ணிவிடுவது. "உள்ள நல்லா காயணும், அப்பத்தான் பிடிக்கும்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னால் எவரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. வெயில் காலத்தில் இதனால் பெரிய கெடுதலும் இல்லை.

போன ஐப்பசியில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு மதாம் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரி இல்லை, நம்ம ஊர்ப் பெண்மணிதான். முப்பத்தைந்து வருடம் பிரான்சில் ஓர் ஆஸ்பத்திரி சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். தண்ணீருக்குள் தினமும் நட என்று டாக்டர் சொன்னதால், பின்கட்டில் ஃபைபர் குளம் ஒன்றைப் புதைத்திருந்தார். பெரிய குளியல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் தோண்டி, அந்தத் தொட்டியை அப்படியே இறக்கி, சுற்றிலும் மணல் போட்டு, விளிம்போடு விளிம்பாக டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். எட்டு மாதம் அதில் நடந்து நடந்து மதாம் கைத்தடியை விட்டிருந்தார்.

"பாய், அடியில இருக்கிற ஜாலி மூடி ஒடஞ்சிபோச்சி. கால் கட்டைவிரல் உள்ள மாட்டிக்கிச்சி. அலோர், வந்து மாத்திக் குடுங்க."

அலோர் என்பது பிரான்சிலிருந்து அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு 'சரி'. போய்ப் பார்த்தேன். குளத்தின் ஆழமான முனையில், தண்ணீர் வெளியேறும் கிண்ணத்தின் மேல் இருந்த மூடி உடைந்திருந்தது. சட்டத்தோடு புது மூடி வைத்து நாலு திருகாணி போட வேண்டும். மச்சானுக்கு இரண்டு முங்கு.

"முங்கிப் போட முடியாதா பாய்? அங்கல்லாம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு அப்படித்தான் செய்வாங்க."

"அங்க கிளைமேட் வேற மதாம். இங்க உள்ள காயணும்."

என்ன தைரியம் பாருங்கள். கடைசியில் கிளைமேட்தான் எனக்குப் பதில் சொன்னது.

அன்று மதியம் பம்ப் வைத்துக் குளத்தைக் காலி செய்தேன். மூடி சென்னையிலிருந்து மறுநாள் காலை பஸ் பார்சலில் வரும். சாயங்காலம் மழை பிடித்தது. காலையிலும் விடவில்லை. பார்சலை வாங்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டும்போது ஆறு மேலேறியிருப்பதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. மழையில் குளம் எப்படிக் காயும், மதாமிடம் அடுத்து என்ன பொய் சொல்வது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மதாம் குடையோடு பின்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"பாய், டைல்ஸ் எல்லாம் டொக்கு டொக்குனு சத்தம் போடுது. இன்னான்னு பாருங்க."

ஆழமான முனையில் விளிம்போரம் டைல்ஸ் இரண்டு பெயர்ந்து கிடந்தன. நேற்றுவரை தரையோடு தரையாக இருந்த குளத்தின் விளிம்பு, இன்றைக்குத் தரைக்கு மேலே ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. முதலில் தரை இறங்கிவிட்டதாக நினைத்தேன். மனசுக்கு எது வசதியோ அதைத்தானே முதலில் நினைக்கிறோம். பிறகுதான் புரிந்தது. தரை இறங்கவில்லை. குளம் ஏறிக்கொண்டிருந்தது.

காலியான தொட்டி. சுற்றிலும் மணல். ஆற்றோரம், மழைக்காலம், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில். காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வருமே, அதே கதைதான். குளம் நிறைந்திருந்தால் அதன் பாரமே அதை உட்கார வைத்திருக்கும். அந்தப் பாரத்தை நேற்று மதியம் நான்தான் பம்ப் போட்டு வாழைமரத்துக்குப் பாய்ச்சிவிட்டேன். இன்னும் கொஞ்சம் ஏறினால் குழாய்கள் பிய்யும், தொட்டி முறுக்கி விரியும். பிறகு அது குளமும் இல்லை, மதாமுக்கு நடையும் இல்லை.

ரசமட்டத்தை எடுத்து விளிம்பில் வைத்தேன். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல மதாம். கொஞ்சம் தண்ணி விட்டா சரியாயிடும்."

"விடுங்க."

போர் மோட்டார் சுவிட்சைத் தட்டினேன். கரண்ட் இல்லை. தண்ணீர் லாரிக்குப் போன் போட்டேன். லாரி நிற்கிற தெருவில் இடுப்பளவு தண்ணீர், லாரி கிளம்பாது என்றார்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர், குளத்தில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது?

மனைவிக்குப் போன் செய்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

"குளம் மேல வருதும்மா."

"தண்ணி மேல வருதா?"

"தண்ணி இல்ல. குளம்."

"ஏங்க, காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். எங்க அண்ணன் இருந்தா இப்படி ஆவுமான்னு கேக்காத."

"நான் கேக்கலையே. நீங்களே கேட்டுட்டீங்க. குடை எடுத்துட்டுப் போனீங்களா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மதாம் ஒரு ரோஜாத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த காலோடு.

"பாரம் வெச்சா நிக்கும்தானே?"

நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒரு லாரித் தண்ணீரின் வேலையை ரோஜாச் செடி செய்யாது. ஆனால் பயந்தவனுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டுமே. அடுத்த அரைமணி நேரம் நான் அந்த வீட்டைக் குளத்துக்குக் குடிமாற்றினேன். பதினாலு பூந்தொட்டி, அம்மி, குழவி, காலி சிலிண்டர், ஒரு மர நாற்காலி. படியிறங்கி ஆழமான முனைவரை சுமந்தேன். கடைசியில் நானும் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் தொப்பைக்கு ஒரு உபயோகம்.

"நானும் எறங்கி நாற்காலியில உக்காரட்டா? எழுவத்தெட்டுக் கிலோ இருக்கேன்" என்றார் மதாம் மேலிருந்து. கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது காலடியில் தரை அசைந்தது. பெரிய அசைவு இல்லை. படகில் நிற்கும்போது அடுத்த ஆள் ஏறினால் வருமே, அந்த அசைவு. குழாய்ப் பக்கமிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது. பதினாலு பூந்தொட்டிகளோடும் ஒரு அம்மியோடும் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிற என்னைக் கரையில் நின்று மனைவி பார்ப்பதுபோலத் தோன்றியது. கையில் குடையோடு.

"மதாம்," என்றேன். "மதாம், ஒரு வழிதான் இருக்கு. அடியில ஓட்டை போடணும்."

"எதுல?"

"குளத்துல. கீழ இருந்து முட்டுற தண்ணிய உள்ள விட்டுட்டா முட்டாது. உள்ளயும் வெளியவும் சமமாயிடும்."

"மூடி போட வந்த ஆளு, ஓட்டை போடறேங்கிற." அந்த இடத்தில் மதாம் 'நீங்க'வை விட்டுவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. "சரி. அந்த ஓட்டைய அப்புறம் எப்படி அடைப்ப? மறுபடியும் காலி பண்ணியா?"

"காலி பண்ணக் கூடாது. பண்ணா மறுபடி எழும்பும். தண்ணிக்குள்ளயே இறுகுற பசை இருக்கு மதாம். உள்ள முங்கித்தான்..."

"யாரு முங்குவாங்க?"

நான் அம்மியைப் பார்த்தேன். அம்மிக்கும் தெரியவில்லை.

"உனக்கு முங்கத் தெரியாதா?"

"தெரியாது மதாம்."

"அதுக்கா காலி பண்ண?"

"ஆமா."

"காயணும், பிடிக்கணும்னியே?"

"அதெல்லாம் சும்மா."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சான், கத்தார், சொம்பு, பிஸ்மி வரை. காலிக் குளத்தின் அடியில் நின்று, மேலே குடைபிடித்து நிற்கும் ஒரு பெண்மணியிடம், ஐம்பது வயது ஆம்பளை. மதாம் முழுசாகக் கேட்டார். பிறகு குடையால் என்னை நேராகக் காட்டினார்.

"இந்தக் குளம் எனக்குக் காலு. வெளங்குதா? போடு ஓட்டைய. ஆனா அடைக்கிறது நீ. வேற ஆளக் கூட்டியாறேன், நாளைக்கு வரேன்னெல்லாம் சொல்லக் கூடாது. இன்னிக்கே. ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். மிதக்கிற தரையில் நிற்பவன் எதற்கும் ஒத்துக்கொள்வான்.

பேட்டரி டிரில்லை எடுத்தேன். சார்ஜ் விளக்கில் மிச்சம் ஒரு புள்ளி, அதுவும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. உடைந்த மூடி இருந்த இடத்தில், அந்தக் கிண்ணத்தின் அடியில் முனையை வைத்தேன். இருபது வருடமாக ஓட்டை அடைத்த கை, ஓட்டை போட மறுத்தது. யா அல்லாஹ் என்று அழுத்தினேன். முதல் ஓட்டையிலிருந்து விரல் தடிமனில் சேற்றுத் தண்ணீர் பீறிட்டு நேராக என் முகத்தில் அடித்தது. கத்தினேன். இரண்டாவது போட்டேன், மறுபடியும் கத்தினேன். மூன்றாவது பாதியில் இருக்கும்போது டிரில் மூச்சை விட்டது. சுத்தியலும் ஆணியும் வைத்து மீதியை முடித்தேன்.

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். தண்ணீர் காப்பி நிறத்தில் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறிப்போய் ரசமட்டத்தைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குமிழி நகராது என்று மதாம் என்னை உட்கார வைத்து ரொட்டியும் காப்பியும் கொடுத்தார். மதியம் மூன்று மணி வாக்கில் டைல்ஸ் பக்கம் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். ஓடினேன். விளிம்பு இறங்கியிருந்தது. முழுசாக இல்லை, அரை விரல் மிச்சம். குமிழி நடுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"குளம் எறங்கிடிச்சி," என்றார் மதாம். "இப்ப நீ எறங்கு."

தன்னுடைய நீச்சல் கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டார். ஊதா நிறம். உள்ளே தண்ணீர் என் இடுப்புவரைதான். குழந்தைகள் குளிக்கிற ஆழம். கையில் பசை உருண்டை. நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். மதாமும் மெல்லப் படியிறங்கி என் பக்கத்தில் வந்து, என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"நான் எண்ணுறேன். நான் விடமாட்டேன். போ."

முங்கினேன். தண்ணீருக்கு மேலே எங்கோ தூரத்தில் "அன்... தெ..." என்று பிரெஞ்சில் எண்ணுவது கேட்டது. இரண்டிலேயே எழுந்துவிட்டேன். இரண்டாம் முறை மூன்று. நாலாம் முறை கிண்ணத்தைக் கை தொட்டது. சேற்றில் கண் தெரியவில்லை. ஊதாக் கண்ணாடி மாட்டிய அவமானம்தான் மிச்சம். விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துப் பசையை அழுத்தினேன். எழுந்தேன், இருமினேன், திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று நினைவில்லை. மச்சானாகத்தான் இருக்கும். மூன்று ஓட்டை, சட்டம், மூடி, நாலு திருகாணி. ஒரு நிமிடம் தலையை நனைக்கப் பயந்து குளத்தைக் காலி செய்தவன், பத்தொன்பது முறை முங்கினேன். எண்ணியது மதாம்தான். கடைசி முங்கில் ஏழுவரை தாக்குப்பிடித்தேன்.

மறுநாள் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது, குளம் நிறைந்தது. வடிகட்டி நாலு நாள் சேற்றைத் தின்றது. ஆனால் அந்த அரை விரல் போகவே இல்லை. தண்ணீர் ஒரு முனையில் விளிம்பைத் தொடுகிறது, மறுமுனையில் தொடுவதில்லை. எடுத்து மறுபடி புதைக்க ஆள் கொண்டு வருகிறேன் என்றேன். மதாம் குளத்தின் குறுக்கே ஒருமுறை நடந்துபோய்த் திரும்பினார்.

"கால் எட்டுது. நடக்க முடியுது. உன்ன நம்பி மறுபடி காலி பண்ணவா? போ, போ."

இப்போதும் மழை வலுத்தால் கடையில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ரசமட்டத்தை எடுத்து மேசையில் வைத்துப் பார்ப்பேன். மேசை சரியாகத்தான் இருக்கும். அதற்குள் போன் அடிக்கும். எடுத்தால் எடுத்தவுடனே மதாம் குரல்:

"பாய், குளம் எடத்துலதான் இருக்கு. நீ இருக்கியா?"