குதிரைவண்டியில் தப்பி வந்தவர்

எண்பத்தாறில், ரொறன்ரோ குடிவரவு அலுவலகத்தில் அகதி விசாரணைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒல்லியான மனிதர். யாரோ கொடுத்த கோட் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சீருடை அணிந்த காவலாளி எங்களைக் கடக்கும்போதெல்லாம் அவர் பல் தெரியச் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்ன அண்ணை, நல்ல சந்தோசம் போலை?"

"பயம், தம்பி."

தாய்லாந்தில் ஒரு சின்ன ஊரைக் கடக்க, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் இவரைப் பூ வைத்த குதிரைவண்டியில் ஏற்றி, கழுத்தில் கமெராவும் மாட்டிவிட்டானாம். உல்லாசப் பயணிகளைப் பொலிஸ் மறிக்காதாம்.

"சிரிச்சுக்கொண்டு இரு எண்டவன். சனமில்லாத றோட்டு. குதிரை நடந்துதான் போகுது. பொலிஸ் ஸ்ரேசனுக்கு முன்னாலை வண்டிக்காரன் நிப்பாட்டி அதுக்குத் தண்ணி வைச்சான். அது குடிச்சு முடியுமட்டும் பொலிசுக்காரனைப் பாத்துச் சிரிச்சனான். இப்ப யூனிபோமைக் கண்டால் வாய் தானா விரியுது."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உயிருக்குப் பயந்து ஓடினவன் குதிரைவண்டியிலை ஆடி அசைஞ்சு வந்தனான் எண்டால், உள்ளுக்கை விசாரிக்கிற உவை நம்புவினமே?"

நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"நடந்ததைச் சொல்லுங்கோ. உள்ளுக்கை மட்டும் சிரிச்சுப் போடாதேங்கோ, அண்ணை."

"ஓம், ஓம்" என்றார்.

காவலாளி கதவைத் திறந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டான். அவர் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். கீழுதட்டைப் பல்லால் இறுகக் கடித்தபடி உள்ளே போனார். அப்படியும் வாயின் இரண்டு ஓரங்களும் மேலேதான் நின்றன.